விட வேண்டிய கணக்கு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டைம்டேபிள் போட்டாகிவிட்டது. சார்ட் பேப்பரில், மூன்று கலர் ஸ்கெட்ச் பேனாவில். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வை மூன்று வருஷம் எழுதி மூன்று வருஷமும் மண்ணைக் கவ்வியவன் என்று எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சிரிக்காதவன் பாக்கியில்லை. மேனேஜர் வேறு, "ஆவுடையப்பன், முப்பத்திரண்டு வயசுல உமக்கு எதுக்குவே பரீட்சை?" என்கிறார். இந்த வருஷம் அவர் வாயை அடைக்கிறேனா இல்லையா பார்.

காலை நாலரைக்கு எழுந்து கணக்கு. மதியம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்தி. சாயங்காலம் புதிர்கள், அட்டவணைகள். ஞாயிற்றுக்கிழமை தோறும் லேப்டாப்பில் மாதிரித் தேர்வு.

பகவதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறேன். என் பெண்டாட்டி பி.எஸ்சி. கணக்கு. படித்துவிட்டு என்ன பிரயோஜனம், சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருக்கிறாள். அவள் கேள்வி வாசிப்பாள், நான் பதில் சொல்வேன். தனியாகப் படித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் பேச்சுத்துணைக்கு அவளுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டேன். எந்த ஊரில் எழுதுவது என்ற இடம் வந்தபோது எனக்கு நெல்லையைத் தட்டினேன். "உனக்கு எதையாவது தட்டு" என்று மௌஸை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

இரண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. என் பேர், கடைசியில் ஒரு ஒன்று. பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க பேர வாயால சொல்ல மாட்டேன். கையால அடிக்கலாமா அத்தான்?"

"அடிட்டி, நல்லா அடி" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று அவளுக்குப் பரீட்சையின் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தேன். தப்பாகப் போட்டால் மார்க் பிடிப்பான். தொடாமல் விட்டால் பிடிக்க மாட்டான்.

"ஏட்டி, இதுல ஜெயிக்கது எதைப் போடுதோம்கிறதுல இல்ல. எதை விடுதோம்கிறதுல இருக்கு."

"விட வேண்டிய கணக்குன்னு எப்படி அத்தான் கண்டுபிடிக்கது?"

"கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பாரு. வழி தெரியலன்னா அதோட கெடந்து மாரடிக்காத. எந்திச்சு அடுத்ததுக்குப் போயிரு. இவ்வளவு நேரம் இதுக்கே செலவழிச்சுட்டோமேன்னு மட்டும் பாக்கப்பிடாது. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் நான் மூணு வருஷம் நாசமாப் போனேன்."

கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு கவனமாக அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டிலும் மைனஸ் வேண்டும் என்று சட்டம் போட்டேன். தப்புக்கு உள்ளங்கையில் மர ஸ்கேலால் ஒன்று. இரண்டு பேருக்கும்தான், நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை. அவள் ஒரு தப்பு போட்டாள், வாங்கிக்கொண்டாள். நான் நாலு தப்பு போட்டேன். ஸ்கேலை அவளிடம் நீட்டினால், மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு மாவு கரைக்கணும் என்று எழுந்து போகிறாள். சட்டம் என்றால் சட்டம். இவளுக்கு நியாயம் என்பதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் மாதிரித் தேர்வு. எனக்கு 71 பெர்சன்டைல். அதாவது நூறு பேரில் எழுபத்தொரு பேர் எனக்குக் கீழே. முதல் தடவைக்குப் பரவாயில்லை.

மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு அவளும் உட்கார்ந்து எழுதினாள். லேப்டாப்பில் ஏதோ கோளாறு. 88 என்று காட்டுகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரசத்தில் உப்பு அதிகம். குக்கர் மூடி நசுங்கிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே விட்டான். கேட்டதற்கு, "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு ரோடாவே?" என்றான். சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் மூக்கில் குத்தினேன். ரத்தம் கொட்டியது. நாலு பேர் சேர்ந்து விலக்கிவிட்டார்கள். சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால், "அடி பட்டுருக்கா அத்தான்?" என்று கேட்காமல் "அவருக்கு ரொம்ப அடியா?" என்று கேட்கிறாள். எவனோ ஒரு ஆட்டோக்காரனுக்காக. மனுஷனுக்கு எப்படி இருக்கும்? இன்று புதிர்ப் பாடம் நடக்கவில்லை. அவளுக்கு உதடு வீங்கியிருந்ததால் கேள்வி வாசிக்க வரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எனக்கு 68. அவளுக்கு 93.

கோளாறு இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கேள்வியைப் படிப்பாள், கொஞ்சம் பொறுப்பாள், சட்டென்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். மனசாட்சியே இல்லாமல் விடுகிறாள். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் அத்தான்" என்றாள். பல் தெரியச் சிரித்தாள்.

கை நீட்டிவிட்டேன். ஒரே ஒரு அறைதான். நெற்றி மேஜை விளிம்பில் போய் இடித்தது என் கணக்கில் வராது. எழுந்திரு என்று சொன்னேன், எழுந்திருக்கவில்லை, முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். தூக்கிவிடவும் ஆள் வேண்டுமே.

கீழ் வீட்டு ரெஜினா டீச்சர் வந்து கதவைத் தட்டினார். வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் விசிலைக் கழுத்தில் மாட்டாத குறைதான்.

"என்னம்மா சத்தம்?"

"டப்பா விழுந்துட்டு டீச்சர்" என்றாள் பகவதி, முந்தானையால் நெற்றியை மூடிக்கொண்டு.

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடிக்கடி டப்பா விழுது. பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பொம்பளைக்கு என்ன திமிர் பார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டைம்டேபிளைத் திருத்தினேன். பகவதியின் கட்டத்தில் இருந்த "மாதிரித் தேர்வு" என்பதை அடித்துவிட்டு "துணி, பாத்திரம்" என்று எழுதினேன். கேள்வி வாசிப்பது மட்டும் அப்படியே இருக்கட்டும். லேப்டாப்பை இனி ஆபீஸுக்கு எடுத்துப் போவேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு அரிசி டப்பாவுக்குள் திணித்து வைத்திருக்கிறாள். அடுப்பில் போட்டேன். அதில் ஒன்று நான் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கணக்கு. நாலே வரியில் முடித்திருந்தாள். அதைக் கடைசியாகப் போட்டேன்.

அக்டோபர் 4, சனி

அம்பாசமுத்திரத்தில் இருந்து மாமனார் வந்திருந்தார். பகவதி நெற்றித் தழும்பை அவரிடம் காட்டினாளாம். விரலால் பாயைக் கிள்ளிக்கொண்டே, "மாப்ள, கொஞ்சம் பொறுமையாப் போங்க" என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவன் டென்ஷன் இவருக்கு எங்கே தெரியும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள், "அப்பா, நானும் வரட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இப்ப எங்க மக்கா வருவ? ரெண்டு வருஷம் குடும்பம் நடத்திட்ட. இனிமே என்ன, அனுசரிச்சுப் போயிரு" என்றார். நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். புதுச் சட்டை. முந்திரிக்கொத்து நன்றாக வந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நானே ஒரு தட்டில் வைத்து டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாடகை வீட்டில் இருக்கிறவன் அனுசரித்துத்தானே போக வேண்டும்.

டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்:

"ஆவுடையப்பன், உம்ம பொண்டாட்டி போன வாரம் என் கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தாறு வாங்கிட்டாவே! புள்ள எங்கேயோ போகப் போறா, பாத்துக்கிடும்."

ஆக, நான் ஆபீஸுக்குப் போன பிறகு இந்த அம்மாள் கீழே இறங்கிப் போய்ப் படிக்கிறாள். துணி ஊறுகிறது, பாத்திரம் காய்கிறது, இவள் தொண்ணூற்றாறு வாங்குகிறாள்.

சிரித்துக்கொண்டேதான் மாடி ஏறினேன். கதவைச் சாத்தினேன். அவள் கை கதவு நிலையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை சாத்தியபோதும் பார்க்கவில்லை. தெருவில் சரவெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. அம்மிக்குழவி விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். "கதவு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டுப் பிரிக்க டிசம்பர் ஆகிவிடுமாம். பரீட்சை நவம்பர் முப்பது. நடந்தது நடந்துவிட்டது, இனி வீட்டில் ஒரு அமைதி இருக்கும்.

ராத்திரி சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். மீன் முள்ளைக்கூட எடுத்துத்தான் கொடுத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன். இதையெல்லாம் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

நவம்பர் 2, ஞாயிறு

எனக்கு 74. யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு நன்றாக வருகிறது.

நவம்பர் 13, வியாழன்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. எனக்கு நெல்லையிலேயே, காலையில். அவளுக்கு மதுரை, சாயங்காலம். எதையாவது தட்டு என்றால் மதுரையைத் தட்டியிருக்கிறாள்! இந்தக் கையை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய் என்ன செய்வாளாம்? அவளுடைய ஹால் டிக்கெட்டை நாலாக, எட்டாகக் கிழித்து அவள் முன்னாலேயே போட்டேன். அழுவாள் என்று பார்த்தேன். துடைப்பத்தை இடது கையில் எடுத்துக் கூட்டி அள்ளிவிட்டாள்.

இப்போதெல்லாம் எல்லாம் இடது கைதான். இடது கையால் தோசை திருப்புகிறாள், இடது கையால் கோலம் போடுகிறாள். கோலம் கோணலாக இருந்தது ஒரு வாரம். இப்போது நேராக வருகிறது.

நவம்பர் 29, சனி

நாளை பரீட்சை. பேனா, அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள்.

போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாக, "நானும் போய் எழுதிட்டு வந்துருதேன் அத்தான். நீங்க எழுதி முடிச்சதுக்கு அப்புறம்தான எனக்கு. வந்து எப்பவும் போல இருக்கேன்" என்றாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மனுஷன் அமைதியாக இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறான். இருக்க விட்டால்தானே! பெல்ட் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. கட்டுப் போட்ட கையில் படாமல் பார்த்துத்தான் அடித்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

கை வலிக்கிறது. நாளைக்கு மௌஸ் பிடிக்க வேண்டிய கை.

நவம்பர் 30, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டினேன். உள்ளே சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, கொடுமை ஒன்றும் இல்லை. சாவி என் பையில்.

பரீட்சையில் கணக்குப் பகுதி வரை நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு தொட்டிக் கணக்கு வந்தது. ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, நடுவில் ஒன்றை எவனோ மூடிவிடுகிறான். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு போட்டுவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம். நிமிர்ந்து பார்த்தால் நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்த சுலபமான கணக்குகள் எதையும் நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். பூட்டு நசுங்கிப் படியில் கிடந்தது. கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மாடிப்படி நடுவில் ரெஜினா டீச்சர் உட்கார்ந்திருந்தார், மடியில் அம்மிக்குழவி.

"எங்க அவ?"

"பஸ் ஏத்தி விட்டுட்டேன்."

"எம் பொண்டாட்டிய வெளிய விட நீ யாரு?" என்று பாய்ந்தேன். தள்ளிவிட்டு மேலே போகலாம் என்று தோளில் கை வைத்தேன். அறுபத்தைந்து வயது பொம்பளை குழவியைத் தூக்கி என் முழங்காலில் போட்டாள். நான் நாலு படி உருண்டு விழுந்தேன். தெருவே பார்த்தது. ஆட்டோக்காரனை அடித்தபோது விலக்க வந்த மாதிரி இங்கே ஒருத்தன்கூட வரவில்லை.

"டாக்டர்ட்ட அம்மிக்குழவி விழுந்துட்டுன்னு சொன்னீராமே? இப்பப் போய்ச் சொல்லும், உண்மையா இருக்கும்" என்றார் டீச்சர். "காலையில கதவுக்குள்ள இருந்து கூப்பிட்டா. கத்தல, அழல. டீச்சர், கொஞ்சம் வாங்கன்னு கூப்பிட்டா. முதுகைப் பாத்தேன்வே. நான் எத்தனையோ அடிபட்ட பிள்ளைகளப் பாத்தவ. இப்படிப் பாத்ததில்ல. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணும்."

"ஹால் டிக்கெட்ட நான் கிழிச்சாச்சு. அவ எப்படி எழுதுவா?"

"கிழிச்சா என்ன? உம்ம பேர அடிச்சா தொறக்குது, இன்னொண்ணு வருது. என் வீட்டுப் பிரிண்டர்லதான் எடுத்தா."

அந்த நேரம் டீச்சர் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அதற்கு நடுவில் அவள் குரல்.

"மதுரை வந்துட்டேன் டீச்சர். நீங்க குடுத்த இட்லியத்தான் சாப்பிடுதேன்."

நான் கத்தினேன். "ஏட்டி! ஒழுங்கா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துரு. ஒடஞ்ச கைய வச்சுக்கிட்டு என்னத்தட்டி கிழிக்கப் போற?"

இட்லிப் பொட்டலத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"இடது கையால மௌஸ் பிடிச்சுப் பழகியாச்சு" என்றாள். "தீபாவளிக்கு மறுவாரத்துல இருந்து டீச்சர் வீட்டுல அதத்தான் பழகுனேன்."

"பகவதி, சொன்னாக் கேளு. நடந்ததெல்லாம் விடு."

"அதத்தான செய்யுதேன். நீங்கதான சொல்லிக் குடுத்திய? வழி தெரியாத கணக்கோட மாரடிக்கப்பிடாது, இவ்வளவு நாள் செலவழிச்சுட்டோமேன்னு பாக்கப்பிடாதுன்னு. ரெண்டு வருஷம் மல்லுக்கட்டிப் பாத்துட்டேன். வரல. விட்டுட்டேன், ஆவுடையப்பன்."

போனை வைத்துவிட்டாள்.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆகி முதல் தடவை. டீச்சர் முன்னால், தெரு முன்னால்.

டிசம்பர் 5, வெள்ளி

ஜங்ஷனில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். டைம்டேபிளைச் சுவரில் இருந்து பிய்க்கும்போது பாதி கிழிந்துவிட்டது. முழங்கால் இன்னும் மடங்கவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மாமனாரும் வந்திருந்தார், இந்தத் தடவை அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, முதுகுப் போட்டோ எல்லாம் மேஜை மேல் இருந்தது. எஸ்.ஐ. அம்மாள் பகவதியிடம், "கணவர் பேரு?" என்று கேட்டாள். அவள் கொஞ்சமும் தயங்காமல், இனிஷியலோடு, சத்தமாகச் சொன்னாள். எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னாள்.

டிசம்பர் 24, புதன்

முடிவு வந்துவிட்டது. என்னுடையதைப் பார்த்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவளுடையதைப் பார்க்க வேண்டும். பார்த்தே ஆக வேண்டும். அவளுடைய விண்ணப்ப எண் எனக்கு மனப்பாடம், நான் போட்டுக் கொடுத்த விண்ணப்பம்தானே. நான் இல்லாவிட்டால் அவளுக்கு இந்தப் பரீட்சையின் பேர்கூடத் தெரிந்திருக்காது. ஒற்றைக் கையால் என்ன பெரிதாக வாங்கியிருப்பாள்? அறுபது? எழுபது? அது மட்டும் தெரிந்தால் போதும், தூங்கிவிடுவேன்.

பாஸ்வேர்டு கேட்டது. என் பேரும் ஒன்றும். தவறு என்றது. எழுத்து ஏதாவது மாறியிருக்கும் என்று நிதானமாக எழுத்தெழுத்தாகப் போட்டேன். தவறு. என் பேரோடு இரண்டு. தவறு. அவள் பேர். தவறு. டீச்சர் பேர். தவறு.

இன்னும் ஒரு தடவை தவறினால் கணக்கு முடக்கப்படும் என்று சிவப்பில் வந்தது.

தெரியாததை விட்டுவிட வேண்டும். எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். எழுந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று இருந்தது. என் பேர்தான், வேறு எதுவாக இருக்க முடியும்? மறுபடியும் திறந்தேன்.

மறுபடியும் அடித்தேன்.